மார்ச் ஏழாம் தேதிக் கண்ணாடி

இன்ஜினியர் பலெஸ்த்ரா நிலவறைப் படிகளில் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் தரைத்தளத்து ஒத்தாவியோ. அவருக்கும் பின்னால் இரண்டாம் மாடி நோர்மா. நோர்மாவின் கையெல்லாம் உருளைக்கிழங்கு மாவு. வியாழக்கிழமை என்பதால் எல்லா வீட்டிலும் ஞோக்கி, உருளைக்கிழங்கு மாவை உருட்டி வேகவைப்பது.

நான் மேல்படியிலேயே நின்றுகொண்டேன். அங்கே முகத்தில் வெளிச்சம் விழாது.

சுவரில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு விரிசல். மூன்று வாரத்துக்கு முன் கொத்தனார் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனைகளையும் ஜிப்சம் பூசி ஒட்டினார். ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதியைக் கீறினார். மார்ச் 7.

சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அதற்கு வளையத் தெரியாது. அதனால்தான் அதை வைக்கிறார்கள்.

"முழுசா இருந்தா நீங்க இருக்கலாம். உடைஞ்சா அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணணும்," என்று அன்று இன்ஜினியர் சொன்னார். எட்டுக் குடும்பமும் தலையாட்டியது.

வீட்டுக்குக் கீழே பள்ளம் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரோமில் இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். இரண்டாயிரம் வருடமாக, கீழே இருந்த எரிமலை மண்ணைத் தோண்டியெடுத்து, சுண்ணாம்போடு குழைத்து, மேலே கட்டினார்கள். கோயில், குளியல் மண்டபம், பாலம், எல்லாம் அந்த மண். தோண்டிய இடத்தை யாரும் நிரப்பவில்லை. எங்கே தோண்டினார்கள் என்று குறித்தும் வைக்கவில்லை.

மேலே எவ்வளவு ஊர் இருக்கிறதோ, கீழே அவ்வளவு வெற்றிடம் இருக்க வேண்டும்.

அடுத்த தெருவில் நாற்பதாம் எண் வீட்டில் கண்ணாடி உடைந்தது. உடனே ஃபோன் செய்தார்கள். அன்று மாலையே எல்லோரையும் வெளியேற்றினார்கள். பள்ளத்தை அடைக்க இறங்கியவர்கள் ஒரு பழைய கல்லறையைப் பார்த்தார்கள். தொல்லியல்காரர்கள் வந்து வேலையை நிறுத்தினார்கள். ஆறு வருடம் ஆகிறது. அந்தக் குடும்பங்கள் இன்னும் வளையச் சாலைக்கு வெளியே ஒரு விடுதியில் இருக்கின்றன. வயதான இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள்.

என் அப்பாவுக்குப் பார்வை போய் ஒன்பது வருடம். நாலாம் மாடியில், எங்கள் வீட்டில், அவரே காபி போடுவார். சவரம் செய்துகொள்வார். ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டுக்காரரோடு கால்பந்துச் சண்டை போடுவார். வேறு வீட்டில் விட்டால் நாற்காலியை விட்டு எழமாட்டார். போன கோடையில் அத்தை வீட்டில் நான்கு நாள் அதைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அழைத்து வந்துவிட்டேன்.

"விரிசல் இல்லாத வீடு வேணும்னா நீங்க மிலானுக்குத்தான் போகணும், இன்ஜினியரம்மா," என்றார் ஒத்தாவியோ. முப்பது வருடம் டிராம் ஓட்டியவர்.

"சும்மா இருங்க ஒத்தாவியோ. நீங்க டிராம் ஓட்டின ஓட்டுலதான் இந்த ஊர்ல பாதிச் சுவர் விண்டுது," என்றார் நோர்மா.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. குனிந்து விளக்கை அடித்தார்.

கண்ணாடி முழுதாக இருந்தது.

நோர்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நெற்றியில் மாவு ஒட்டியது.

இன்ஜினியர் ஒரு படம் எடுத்தார். தேதியைச் சரிபார்த்தார். இந்த வாரம் அவருக்கு இன்னும் எத்தனையோ நிலவறைகள்.

"நல்லது. அடுத்த மாசம் வரேன்."

அப்போதுதான் நான் இரண்டு படி இறங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தக்காளி டப்பா எடுக்க வந்தபோது கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில், நேராக, ஒரே கோடு. மார்ச் ஏழாம் தேதி வைத்ததுதான் உடைந்தது என்று நினைத்தேன். மேலே போய் அம்மாவின் படத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினேன். அளவாக வெட்டினேன். ஜிப்சம் குழைத்து ஒட்டி, ஆணியால் அதே தேதியைக் கீறினேன். எட்டுக் குடும்பம் தூங்கும் வீடு என்று தெரிந்துதான் செய்தேன். ஒரு மாதம் கிடைத்தால் அதற்குள் அப்பாவிடம் மெல்லச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படச் சட்டத்துக் கண்ணாடி மெல்லியது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தது அதைப்போல் இரண்டு மடங்கு தடிமன். ஓரம் பச்சையாக மின்னியது. அலமாரிக் கதவுகளில் போடுகிற கண்ணாடி.

மார்ச் 7 என்று கீறியிருந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல.

நோர்மா இன்ஜினியரின் கையைப் பிடித்து, ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியபடியே மேலே அழைத்துப் போனார். அவர்கள் குரல் முதல் மாடியைத் தாண்டியது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஒத்தாவியோ போகவில்லை. செல்ஃபோன் விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரருகே நின்றார். கண்ணாடியின் ஓரத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"துல்லியா."

"சொல்லுங்க."

"இது நீ வச்சதாம்மா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை.

"இல்ல," என்றேன். "என்னோடது மெல்லிசு."

அவர் விரலை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"நான் வச்சதும் இது இல்ல," என்றார்.