பதினைந்தாவது பல்

நீலத் தலை, இரண்டு காது, பதினைந்து பல். காதைத் திருகிவிட்டால் கடித்த பிடியை விடவே விடாது. அது என்ன?

வீட்டில் நண்டு என்று கூப்பிடும் எட்டு வயது மகள் இதைக் கேட்டபோது அப்பா மேஜைக்கு அடியில் குப்புறக் கிடந்தார்.

"இப்ப விடுகதை ஒண்ணுதான் குறைச்சல்!"

"மானிட்டர் கேபிள்ப்பா. உங்க கையிலதான் இருக்கு. பதினஞ்சு பல்லுன்னு கம்ப்யூட்டர் மிஸ் சொன்னாங்க."

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் கண்ணை மூடிவிட்டது. புதிதாக வந்தது சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. மானிட்டர் மட்டும் பழையது. அதன் கேபிளுக்குப் புதியதன் முதுகில் இடமில்லை என்று, நடுவில் மாட்ட ஒரு கன்வெர்ட்டரும் வாங்கியாயிற்று. எல்லாம் மாட்டிய பிறகும் திரையில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் இங்கும் அங்கும் மிதந்துகொண்டிருந்தது.

அம்மா புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். ஐந்து மணிக்குள் ஒரு புத்தகத்தை அனுப்பியாக வேண்டும். அப்பா தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். இருவருக்குமே குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

நண்டுக்கும் அவசரம் இருந்தது. பெரியம்மா வீட்டு நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. நான்கு மணிக்குப் பெரியப்பா வந்து அவளை அழைத்துப் போவார். இரண்டு நாள் தங்கலாம். பை காலையிலிருந்தே வாசல் பக்கம் தயாராக இருந்தது.

அப்பா கேபிளின் வாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். மேலே ஐந்து. கீழே ஐந்து. நடுவில் நான்கு.

"பதினாலுதான் இருக்கு. ஒண்ணு உடைஞ்சிருக்கு."

"நேத்து பழசைக் கழட்டும்போது அந்த இழு இழுத்தீங்களே, அப்பவே நெனச்சேன்," என்றாள் அம்மா.

"நானா? தூசி தட்டறேன்னு விளக்குமாத்தால அதை அடி அடின்னு அடிச்சது யாரு?"

"ஆமா, என் தலையில போடுங்க. இந்த வீட்டுல எது உடைஞ்சாலும் நான்தானே."

"ஆரம்பிச்சுட்டியா?"

"இல்லைங்க, முடிச்சுக்கறேன். போன தடவை மூணு நாள் பேசாம இருந்தோமே, அப்படியே இருந்துட்டாப் போச்சு."

"நான்தான் உடைச்சேன்," என்றாள் நண்டு.

இருவரும் திரும்பினார்கள்.

"எப்ப?"

"நேத்து. விளையாடறப்போ."

"உடைச்சுட்டு அதுக்கு விடுகதை வேறயா?" அப்பா எழுந்து உட்கார்ந்தார். "போன மாசம் கண்ணாடி ஜாடி. இப்ப இது. அது கையா, சுத்தியலா? பெரியம்மா வீடு கிடையாது, போ."

அம்மா, சரிதான் என்பது போலத் தலையாட்டினாள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

நண்டு அழவில்லை. பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றரை மணிக்கு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் தொழில். விடுமுறை நாளும் அதுவுமாகக் கூப்பிட்டதில் கண்ணில் இன்னும் பாதித் தூக்கம் இருந்தது. நின்றபடியே மானிட்டரின் அடியில் விரலை விட்டு ஒரு பட்டனை இரண்டு முறை அமுக்கினாள்.

படம் வந்துவிட்டது.

"இந்த மானிட்டருக்குக் கேபிள் மாட்ட ரெண்டு வாசல் அண்ணா. நீங்க முன்வாசல்ல நின்னு கூப்பிடறீங்க. அது பின்வாசல்ல காத்துக்கிட்டு இருக்கு. யாரோ பட்டனை அமுக்கி மாத்தி விட்டிருக்கீங்க."

காலையில் அத்தனை பட்டனையும் அமுக்கிப் பார்த்தவர் அப்பாதான். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் அமுக்கினேன்," என்றாள் நண்டு.

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அக்காவிடம் கேட்டாள். "பல்லு உடைஞ்ச கேபிள்ல எப்படிம்மா படம் வருது?"

"எங்க உடைஞ்சுது அண்ணி? நிறைய கேபிள்ல அந்த ஒன்பதாவது பல்லை வைக்கவே மாட்டாங்க. பிறக்கும்போதே அது பொக்கை." கொட்டாவி விட்டபடி அக்கா மாடிக்குப் போய்விட்டாள்.

அம்மா நண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"இல்லாத பல்லை எப்படிடி உடைச்சே?"

நண்டு பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"நான்னு சொன்னா ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திடுவீங்க."



"அப்ப அந்தக் கண்ணாடி ஜாடி?" என்றார் அப்பா.

நண்டு அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அம்மா மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் பெரியப்பாவின் வண்டி ஹார்ன் அடித்தது.

"கிளம்புடா கண்ணு," அப்பாவே பையைத் தூக்கினார். "நாய்க்குட்டியெல்லாம் காத்துக்கிட்டு இருக்கும்."

"ரெண்டு நாளாப்பா?"

"ஆமாண்டா. வேணும்னா மூணு நாள்கூட இரு."

நண்டு யோசித்தாள்.

"அதுக்குள்ள இங்க ஏதாவது உடைஞ்சா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை.

நண்டு அவர் கையிலிருந்து பையை வாங்கித் திறந்தாள். தன் பல் துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், தான் வரவில்லை என்று பெரியப்பாவிடம் சொன்னாள்.