குறட்டை நின்றபோது

பரிசோதனை அறையின் ஜன்னல் வழியே காலை வெயில் சரிந்து விழுகிறது. மூன்று மாத்திரை விழுங்கியும் ரத்த அழுத்தம் இறங்காத என் கணவர், கையில் சுற்றிய பட்டையோடு நாற்காலியிலேயே குறட்டை விடுகிறார். "என்னக்கா, வீட்டுலயும் லாரிதான் ஓடுமா?" என்று நர்ஸ் சிரிக்கிறாள். சட்டென்று குறட்டை நிற்கிறது. "அப்பாடா, அசந்துட்டார்," என்கிறேன். அவள் சிரிப்பு அடங்குகிறது. அவர் மூக்கருகே புறங்கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள். "மூச்சு நின்னிருக்குக்கா. தூக்கத்துல இப்படி நிக்க நிக்கத்தான் பிரஷர் ஏறுது." அவர் உடல் உதறுகிறது, நீருக்குள்ளிருந்து எழுந்தவர்போல் காற்றை இழுக்கிறார், கண் திறக்காமலே. "வீட்டுலயும் நிக்குமா?" என்று நர்ஸ் கேட்கிறாள். இருபது வருடமாக அந்த அமைதிக்காகத்தான் நான் விழித்துக் கிடக்கிறேன். "நிக்கும்மா," என்கிறேன். "அப்பதான் நான் தூங்குவேன்."