பின்னால் பிடிக்க ஆள்
மேற்கு மலையின் நிழல், கம்பம் நகரத்துச் சைக்கிள் கடை வாசல்வரை வந்துவிட்டது. பாண்டீஸ்வரி கியர் வண்டிகளைத் தாண்டிப்போய், மூலையில் நிற்கும் நீல லேடீஸ் சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்க்கிறாள். "யாருக்குக்கா, மகளுக்கா?" என்கிறார் கடைக்காரர். "எனக்குத்தேன். எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கு அவுக சைக்கிள் பின்னாடியே உக்காந்து போயிட்டேன்." கடைக்காரர் சீட்டை இறக்கித் தர, ஏறி உட்காருகிறாள், இரண்டு பாதங்களும் தரையில் பதிகின்றன. "புதுசாப் பழகுறதுக்கு இதுதேன் தோது. கனமில்ல, விலையும் கட்டுபடியாகும். பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடியார ஆளு இருக்காகளா?" அவள் மணியைத் தொட்டுவிட்டு, அடிக்காமல் விரலை எடுக்கிறாள். "விழுந்து எந்திரிச்சுப் பழகிக்கிறேண்ணே." வாங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். கூட்டம் குறைந்த இடத்தில் நின்று, ஒருகணம் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு பெடலில் கால் வைக்கிறாள்.