மூடியின் உட்புறம்

அப்பாவின் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. பேட்டரி மாற்றக் கடையில் நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள். முப்பது ரூபாய்க்கு பேட்டரியை மட்டும் வாங்கிவந்து, மதியம் நானே கத்தி முனையால் பின்மூடியை நெம்பினேன். கடைசியாக பேட்டரி மாற்றிய கடைக்காரர் மூடியின் உட்புறத்தில் தேதியைக் கீறி வைத்திருந்தார். மூன்று வருடங்களுக்கு முன், அப்பா தூக்கில் தொங்கியதற்கு முந்தைய நாள்.

“நாளைக்குச் சாகப் போற மனுஷன் வாட்ச்சுக்கு பேட்டரி மாத்துவாராம்மா?”

அம்மா மூடியைப் பிடுங்கிக் கடிகாரத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அது பொருந்தவில்லை.

“மெதுவாப் பேசுடி. உங்க சித்தப்பா தூங்குறாரு.”

அப்பாவைக் கயிற்றிலிருந்து இறக்கியவர் அவர்தான். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்.

உள் அறையில் குறட்டைச் சத்தம் நின்றிருந்தது.