ராயம்மாளுக்கு என்ன சீக்கு?

ராயம்மாள் திருவிழாவுக்குக் கட்டுகிற புடவையை வெறும் செவ்வாய்க்கிழமையில் கட்டினாள். தலையில் கனகாம்பரம் வேறு. இதைப் பார்த்துக்கொண்டு எந்தப் புருஷன் சும்மா இருப்பான்?

கஸ்பாருக்கு வயிறு எரிந்தது. "இன்னைக்கும் எங்கடி கெளம்பிட்ட?"

"மாதா கோயில் டிஸ்பென்சரிக்குங்க. நீங்களும் வர்றதுன்னா வாங்க."

"எனக்கென்ன கேடு? உனக்குத்தான் என்னடி சீக்கு? குத்துக்கல்லாட்டம் இருக்கற!" சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அது அடங்கிப் பார்த்தால் அவள் தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்தப் பயல் வந்த பிறகுதான். பெங்களூரில் நர்சு டிகிரி படிக்கிறானாம், பேர் சென்றாயன். ஊரில் தங்கிப் பாடம் கற்க வந்திருக்கிறான். ஆம்பளை எதுக்கு நர்சுக்குப் படிக்கிறான்? நல்ல எண்ணத்தோடு ஒருத்தன் அதைப் படிப்பானா? கஸ்பார் கேட்டதில் தப்பே இல்லை.

அவன் வீடு வீடாகப் போனான். தண்ணியைக் காய்ச்சிக் குடி என்றான், கையைக் கழுவு என்றான். "ஊசிக்காரனுக்கு என் வூட்டுல என்னடா வேலை?" என்று கஸ்பார் விரட்டிவிட்டான்.

அத்தோடு விட்டானா? கொல்லைப் பக்கமாக வந்து ராயம்மாளிடம் குசுகுசுவென்று பேசினான். கஸ்பார் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, மாட்டுக்குப் பின்னால் நின்று கேட்டான்.

"இங்க இன்னின்னது கத்துக்கணும்னு காலேஜ்ல சொல்லித்தான் அனுப்புனாங்கக்கா. எல்லாம் முடிச்சிட்டேன். ஒண்ணுதான் பாக்கி. நீங்க மனசு வெச்சாத்தான் நான் பாஸாவேன்."

"அவருக்குத் தெரிஞ்சா என்னெ வெட்டிப் போட்டுருவாரு தம்பி." சொல்லிவிட்டு ராயம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை கஸ்பார் கல்யாணமான புதிதில் பார்த்தது.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் அவள் பின்னாலேயே போவான். டிஸ்பென்சரி வாசல் வரைக்கும்தான். மருந்து வாடை அடித்ததும் திரும்பிவிடுவான். செத்தாலும் அந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தவன்.

இன்றைக்கும் வாசலில் நின்றான். உள்ளே பையன் என்னவோ சொன்னான். ராயம்மாள் சிரித்தாள். அப்புறம் சன்னலைச் சாத்துகிற சத்தம்.

சத்தியமாவது மண்ணாவது. படியேறிப் போய்க் கதவை உதைத்துத் திறந்தான்.

"டேய் நர்சுப் பயலே! என் பொண்டாட்டிய..." மிச்சத்தைச் சொல்ல இருமல் விடவில்லை. மாசக்கணக்கில் வீட்டில் ஒருத்தரையும் தூங்கவிடாத இருமல். குனிந்தான், தடவித் தடவி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ராயம்மாள் பதறவில்லை. அவனைத் தாண்டிப் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

"வரமாட்டேங்கற நோயாளிய இழுத்துட்டு வரக்கூடாது, அவராத்தான் படியேறி வரணும்னுதானே உங்க காலேஜ்ல சொன்னாங்க? வந்துட்டாரு தம்பி, சளிய டெஸ்டுக்கு எடுங்க!"