தகரம் போட்டால் குடிசை இல்லை

கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்த்து, கடைசித் தகரத்தையும் இறக்கிவிட்டு, அவள் வீட்டுக்குள் வந்தாள்.

உள்ளே வானம் தெரிந்தது.

மூலையில் மகள் இலக்கியா, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

தெருவில் எல்லா வீட்டுக் கூரையும் இன்று இப்படித்தான் திறந்து மூடியது.

அரசு வீடு குடிசையில் இருப்பவருக்கு மட்டும். குடிசை என்றால் கீற்று வேய்ந்திருக்க வேண்டும். விதி அது.

புயலில் தென்னை முழுதும் சாய்ந்தது. கீற்றுக்கு வழியில்லை. நிவாரணமாகத் தகரம் கொடுத்தார்கள். கொடுத்ததைப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

கொடுத்த கைதான் இப்போது தகரத்தைச் சுட்டிக்காட்டி, இது குடிசை இல்லை என்கிறது.

வழி சொன்னவரும், குடிசைகளைப் படமெடுத்துக் கணக்கெடுக்க வந்த ஓவர்சியர்தான். “தகரத்த எறக்கிட்டுக் கீத்தப் போட்டு வைங்க. போட்டோவுல ஓலை தெரிஞ்சாப் போதும். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க.”

ஒரு வீட்டுக்கு ஆகும் கீற்றுதான் வெளியூரில் கிடைத்தது. காலையிலிருந்து அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. ஏற்றினார்கள். அவர் படம் எடுத்தார். இறக்கி அடுத்த வீட்டுக்குச் சுமந்தார்கள்.

“பொண்ணு பாக்க வர்றப்ப எரவல் நகையப் போட்டு உக்கார வைப்பாங்களே, அதுமாரில்ல இருக்கு” என்றான் கீற்றுச் சுமந்த தனசீலன்.

தெரு சிரித்தது. அப்போது அவளும் சிரித்தாள்.

அவள் வீடு கடைசி.

அவளிடம் வந்தபோது ஓலை உதிர்ந்து கீற்றில் ஈர்க்குதான் மிஞ்சியிருந்தது. அதைப் பரப்ப ஏறியவனின் கால்பட்டு, கூரையைத் தாங்கிய உளுத்த நடு வாரையும் முறிந்து உள்ளே விழுந்தது.

இலக்கியா குழந்தையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

ஓவர்சியர் வீட்டைச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் நின்றாலும் ஓட்டைதான் தெரிந்தது. மேலிருந்து எடுத்துப் பார்க்கிறேன் என்றார்.

பக்கத்தில் போன வருடம் கட்டிய அரசு வீடு. மேலே மொட்டைத் தளம். திட்டத்தில் படிக்கட்டு இல்லாததால் அந்த வீட்டுக்குப் படிக்கட்டு இல்லை. மூங்கில் ஏணி ஒன்றைச் சாய்த்து, தனசீலன் பிடித்துக்கொள்ள, அவர் ஏறினார்.

கைப்பேசியை நீட்டினார். சாய்த்தார். மறுபடி நீட்டினார்.

“கூரையே இல்லையேம்மா. இதக் குடிசைன்னு எப்புடிப் போடுறது? ஆள் இல்லாத பாழடஞ்ச எடம்னுல்ல ஆயிடும்.”

அவளும் மகளும் பிள்ளையும், மூன்று பேரும் அந்தப் படத்துக்குள்தான் இருந்தார்கள்.

“ஆளு இருக்கம் சார்” என்றாள்.

“எனக்குத் தெரியுதும்மா. இதுக்குத் தெரியணுமே.” கைப்பேசியைக் காட்டினார்.

முதல் துளி குழந்தையின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது கண்ணில். அது அலறத் தொடங்கியது.

கோபம் அவளுக்குச் சொல்லாக வரவில்லை. கையில் வந்தது.

வெளியே போனாள். ஏணியைப் பற்றினாள்.

இறங்குவதற்காகப் பிடித்துக்கொள்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். “இரும்மா, இன்னும் ஒண்ணு எடுத்துடுறேன்” என்றார்.

அவள் ஏணியைத் தூக்கினாள்.

தனசீலன் அவள் முகத்தைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்தான்.

வாரை முறிந்த இடத்தில், சுவருக்குச் சுவர், ஏணியைக் கிடத்தினார்கள். அதன்மேல் ஒரு தகரத்தை ஏற்றி, மூலைப் பக்கம் தள்ளினார்கள்.

மகளும் பிள்ளையும் இருந்த அளவுக்கு வானம் மறைந்தது.

“ஏம்மா. ஏணி.”

மழை இறங்கியது.

தளத்தில் ஒதுங்க ஒன்றுமில்லை. அவர் கைப்பேசியைச் சட்டைக்குள் செருகி, இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டார்.

“எனக்கு ஒடம்புக்கு ஆவாதும்மா மழ.”

அவள் திரும்பவில்லை.

பிறகு, அவர் குரல் மாறி வந்தது.

“தாயி. ஏணிய வையி. குடிசைன்னே போட்டுடுறேன். வேற வீட்டுப் படத்த வெச்சு ஏத்திக்கலாம். யாரு பாக்கப் போறா.”

தெருவுக்கும் அது கேட்டது.

இவ்வளவு நேரம் முடியாதது, ஒருவர் நனைந்ததும் முடிகிறது.

“அக்கா” என்றான் தனசீலன் மெதுவாக. “சொல்றாருல்ல. வீடுக்கா.”

அவள் தளத்தை நிமிர்ந்து பார்த்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டி, தோள் குறுகி, ஓரத்துக்கு வந்து நின்றிருந்தார். பார்க்கக் கடன்பட்ட மனிதர்போல் இருந்தார்.

ஏணியை எடுத்தால் தகரம் சரியும்.

உள்ளே குழந்தையின் அழுகை அடங்கி, விக்கலாகியிருந்தது.

“அந்தப் பக்கம் புடி” என்று அவள் இரண்டாவது தகரத்தைத் தூக்கினாள்.