வரும் வழியில் இருந்த ருசி

மேசையில் சிந்திய நீர்த்துளிக்குள் இரண்டு பாக்டீரியாக்கள் இருந்தன. காலையில் ஒன்றாயிருந்து பிரிந்தவை. எது மூத்தது என்று தெரியாததால் ஒன்றையொன்று தம்பி என்றே அழைத்தன.

துளியின் ஓரத்தில் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது. சற்றுமுன் இருந்ததைவிட இப்போது அதிகம் இனித்தால் அவை நேரே போகும், இல்லாவிட்டால் திரும்பும். அப்படியே நீந்திச் சர்க்கரையை அடைந்தன.

"வர்ற வழியில ருசி கூடிக்கிட்டே இருந்துச்சு. இங்க கூடலையே, தம்பி" என்றது ஒன்று.

"சர்க்கரைமேலயே நிக்கிறோம், இன்னும் எங்க கூடும்? துளி வேற காயுது. பேசாம இரு, தம்பி" என்றது மற்றது.

"அந்த ருசியை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

அது நீந்திப்போன எதிர் ஓரத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. திரும்பியதும் மெல்ல இனிப்பு ஏறியது.

"தம்பி, அதே ருசி!" என்று கத்திக்கொண்டே விரைந்தது.

அதற்குள் துளி நடுவில் காய்ந்து, காலையில் அவை பிரிந்ததைப் போலவே, இரண்டாகியிருந்தது.